முயல் தும்முகிறது: குளிரா, ஒட்டுநோயா?

கேள்வி, ஜூலை 6, இரவு 9.40

கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் நாலு முயல். ஒன்று மூன்று நாளாகத் தும்முகிறது. மூக்கோரம் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. ஆனால் சாப்பிடுகிறது, ஓடுகிறது. இங்கே ஒரு வாரமாக மேகம் விலகவே இல்லை. குளிர்தான் காரணம், கூண்டை மூடி மஞ்சள் புகை காட்டு என்கிறார் அம்மா. மருந்துக்கடையில் குழந்தைகளுக்குத் தரும் சிரப்பைக் கால் ஸ்பூன் கொடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில், ஜூலை 6, இரவு 10.15

மூடாதே. புகை வேண்டாம். சிரப் வேண்டவே வேண்டாம். தும்முவதை இந்த ராத்திரியே வேறு அறைக்கு மாற்று. மிச்சத்தைக் காலையில் எழுதுகிறேன். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூங்கு.

ஜூலை 7, காலை 6.50

நான் ஊட்டிப் பக்கம் கேத்திக்காரன். கேரட் கழுவும் இடத்தில் கணக்கு எழுதும் வேலை. மருத்துவன் இல்லை. போன வருடம் இதே மழையில் இதே தும்மலைக் குளிர் என்று நம்பி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால்தான் ராத்திரி அப்படி அவசரப்பட்டேன்.

எங்கள் வீட்டில் பஞ்சு, மிளகு என்று இரண்டு இருந்தன. மே கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையிலிருந்து மூன்றாவதாகச் சீனியை வாங்கி வந்தோம். வெள்ளைக் குட்டி, மூக்கு சுத்தம், கண் சுத்தம். மலையேறி வந்த அன்றே மூன்றையும் ஒரே கூண்டில் விட்டேன். தனியாக இருந்தால் ஏங்கிப் போகும் என்று எனக்கு ஒரு இரக்கம். பத்தாம் நாள் பஞ்சு தும்மியது. வெளியே சாரல், சுவரெல்லாம் ஓதம். குளிர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற கதைதான், அதற்கு மேல் யார் சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. நீலத் தார்ப்பாய் வாங்கி வந்து கூண்டை நாலு பக்கமும் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினேன். நாலாம் நாள் மிளகும் தும்மத் தொடங்கியது.

மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, சீனி கை மட்டும் கஞ்சி போட்ட துணி மாதிரி இருக்கு" என்றாள். சேறு என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். அது சேறு இல்லை. மூக்கு ஒழுகினால் முயல் முன்னங்காலால் துடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் மூக்கு பளிச்சென்று இருக்கும், சளி எல்லாம் காலில் இருக்கும். இரண்டு முன்னங்கால்களின் உள்பக்கத்திலும் முடி நாலைந்து கொத்தாகப் பிரிந்து, காய்ந்து, தொட்டால் மொரமொரவென்று, மஞ்சளேறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. வாங்கும்போது நான் பார்த்தது மூக்கை. பார்த்திருக்க வேண்டியது காலை.

உன் முயலை மல்லாத்த வேண்டாம், மிரண்டு உதறும், முதுகெலும்பு முறிந்துவிடலாம். உட்காரவைத்தே முன்னங்காலை விரலால் நீவிப் பார். தும்முவதை மட்டுமில்லை, நாலையும் பார்.

ஜூலை 7, இரவு 8.05

மூன்றுக்குக் கால் ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், அதில் இரண்டு இதுவரை தும்மவே இல்லை. நினைத்தேன். அப்படியானால் நேற்று ஒன்றை மட்டும் பிரிக்கச் சொன்னது போதாது. நாலும் தனித்தனி. தட்டு, தண்ணீர்க் கிண்ணம், துடைக்கும் துணி எல்லாம் தனி. தீனி வைக்கும்போது சுத்தமானதில் தொடங்கி, தும்முவதைக் கடைசியாகக் கவனி. நான் நேர் எதிராகச் செய்தேன். பாவம், உடம்பு சரியில்லாதது என்று அதைத்தான் முதலில் கொஞ்சினேன். அந்தச் சட்டையோடு அடுத்த கூண்டுக்குப் போனேன்.

ஜூலை 9

குளிரைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும், பழியெல்லாம் அதன் தலையில் போட்டாகிவிட்டது.

முயலுக்குக் குளிர் பெரிய எதிரி கிடையாது. முப்பது டிகிரியைத் தாண்டும் வெயில்தான் அதைச் சாய்க்கும். உங்கள் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எங்கள் பக்கம் கூடலூர் சாலையில் சாண்டிநல்லா செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம். இரண்டு இடத்திலும் ஆட்டோடு முயலும் வளர்க்கிறார்கள். சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட் எல்லாம் இந்தக் காற்றைத் தாங்குகிற ஜாதிதான். காய்ந்த இடமும் மேலே கூரையும் இருந்தால் போதும்.

தும்மலைக் கொண்டுவருவது பெரும்பாலும் பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்கிற பாக்டீரியா. இதுதான் என்று அடித்துச் சொல்ல மூக்குச் சளியைப் பரிசோதிக்க வேண்டும். போர்டெடெல்லா போன்ற வேறு கிருமியும் இதே வேலையைச் செய்யும். நல்ல முயலின் மூக்கிலேயே பாஸ்சுரெல்லா சத்தமில்லாமல் குடியிருக்கும். பயணம், இட மாற்றம், நெரிசல், ஈரம், மூத்திர நெடி, இதில் ஏதாவது ஒன்று முயலைத் தளர்த்தினால் தலைதூக்கும். தாயிடமிருந்து குட்டிக்கு, தும்மலிலிருந்து பக்கத்துக் கூண்டுக்கு, நம் கையிலிருந்து அடுத்ததற்கு என்று பரவும்.

இப்போது என் தார்ப்பாயை யோசித்துப் பார். காற்று நின்றது. கூண்டின் அடித்தட்டில் தேங்கிய மூத்திரத்தின் அமோனியா முயலின் மூக்கு உயரத்திலேயே சுற்றியது. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி. அந்த நெடி மூக்கின் உள்தோலை அரித்துக் கிருமிக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. குளிர் படாமல் காப்பாற்றுகிறேன் என்று நோய்க்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவன் நான். மஞ்சள் புகையும் அதே கணக்குதான். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

ஒரு சோதனை: கூண்டுத் தரை உயரத்துக்குக் குனிந்து உன் மூக்கை வை. உன் கண் எரிந்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

ஜூலை 9, சற்று நேரம் கழித்து

"அப்போ கூண்டைத் திறந்த வெளியில் வைக்கலாமா" என்று ஒரு குன்னூர்க்காரர் கேட்கிறார். ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை. காற்றடிக்கும் பக்கத்தில் ஒரு பலகை, மேலே தகரம், மற்ற பக்கம் திறந்திருக்கட்டும். சாரலில் நனைந்த முயல் வேறு கதை.

ஜூலை 12

மருத்துவரிடம் போனாயா? போகும்போது நாலு விஷயம் எழுதி எடுத்துப் போ. எடை, எப்போது கடைசியாகச் சாப்பிட்டது, புழுக்கை எப்படி இருக்கிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறதா. இந்தக் கிருமி உள்காதுக்குப் போனால் தலை சாயும். அதே சாய்வு மூளையைத் தாக்கும் வேறொரு ஒட்டுண்ணியாலும் வரும். அது மூத்திரம் வழியாகப் பரவும், அதற்கு மருந்தும் வேறு. நாமாக ஊகிக்கிற விஷயம் இல்லை.

தாடையில் கட்டி இருந்தால் பிதுக்காதே. முயல் சீழ் பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும், வடியாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வாய் திறந்து மூச்சு விட்டால் மறுநாள் வரை காத்திருக்காதே. அதே போல அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தாலும் ஓடு. முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்றால் நின்றதுதான்.

ஜூலை 15

இழை எங்கேயோ போகிறது, போகட்டும். கோத்தகிரிச் சகோதரி ஒருவரின் ஆறு வாரக் குட்டிகள் கழிச்சலில் ஒவ்வொன்றாகப் போகின்றனவாம், வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருக்கிறதாம். இது தும்மல் கூட்டம் இல்லை. பால்குடி மறந்த குட்டிகளுக்கு இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தக் கழிச்சல், அதாவது காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணியால் வரும் காக்சிடியோசிஸ். ரத்தம் தெரிந்தே ஆக வேண்டும் என்றில்லை. புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துப் போய்க் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள், நுண்ணோக்கியில் ஒட்டுண்ணியின் முட்டை தெரியும். சல்ஃபா வகை மருந்து தருவார்கள். பெரிய முயல்கள் தெம்பாக இருந்துகொண்டே அந்த முட்டையைப் புழுக்கையோடு போட்டுக்கொண்டிருக்கும். தாயைச் சந்தேகப்படவே தோன்றாது.

முயல் தன் புழுக்கையைத் தானே தின்பதால்தான் இது வருகிறது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். மகளை விட்டு விரட்டச் சொல்வேன். தப்பு. ராத்திரியில் அது நேராக வாயில் வாங்கித் தின்னும் மெத்தென்ற புழுக்கை அதற்குச் சத்து, தடுக்கக்கூடாது. காக்சிடியா முட்டை வெளியே வந்த உடனே தொற்றாது. ஈரமும் மிதமான சூடும் கிடைத்து, இரண்டு மூன்று நாள் முதிர வேண்டும். அதனால் தினமும் தட்டை எடுத்துக் கழுவினால் முதிர்வதற்கு முன்னாலேயே அது கூண்டை விட்டுப் போய்விடும். வாரத்துக்கு ஒரு தடவை ஆளை வைத்துப் பளபளவென்று கழுவுகிறவர்களைவிட, தினமும் சோம்பலாக ஒரு தடவை சுரண்டிப் போடுகிறவர் குட்டி பிழைக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்துக் காயவிடுங்கள்.

ஜூலை 16

நேற்று எழுதிய கடைசி வரியை அடித்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் இந்த முட்டையை ஒன்றும் செய்யாது. கொதிக்கிற வெந்நீரும் நல்ல வெயிலும்தான். ஜூலையில் கோத்தகிரியில் வெயிலுக்கு எங்கே போவது என்று சகோதரி கேட்கிறார். அதனால்தான் வெந்நீரை முதலில் எழுதியிருக்கிறேன். தும்மல் கிருமி வேறு, அதற்குப் பிளீச்சிங் பவுடர் கேட்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன்.

ஜூலை 19

சிரப்பைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

மிளகு தும்மத் தொடங்கிய மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கால்நடை மருந்தகம் இல்லை, மழை. மகனுக்குத் தொண்டைப்புண்ணுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் அலமாரியில் பாதி இருந்தது. மருந்துக்கடையில் கேட்டேன், "குழந்தைக்கே குடுக்கிறது, முயலுக்கு என்ன" என்று சிரித்தார்கள். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒரு மில்லி எடுத்து வாயோரத்தில் விட்டேன். ஆரஞ்சு வாசம். மிளகு விரும்பி நக்கியது. இரண்டு நாள் காலை, மாலை கொடுத்தேன். தும்மல் குறைந்தது போலக்கூட இருந்தது, மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கேரட் இலையைத் தொடவில்லை. பின்பக்கம் தண்ணீராக நனைந்திருந்தது. தொட்டால் காது சில்லென்றிருந்தது. மறுநாள் விடியற்காலை கூண்டின் மூலையில் முகத்தைப் புதைத்தபடி கிடந்தது.

மருத்துவர் பிறகு விளக்கினார். முயலின் செரிமானமே குடலில் வாழும் நல்ல கிருமிகளை நம்பியிருக்கிறது. பென்சிலின் குடும்பத்து மருந்தோ அதுபோன்ற வேறு சிலவோ வாய் வழியாகப் போனால் அவற்றை அழித்துவிடும். அந்தக் காலி இடத்தில் நஞ்சைச் சுரக்கும் க்ளாஸ்ட்ரிடியம் பெருகும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எதையும் வாயில் விடக்கூடாது. பஞ்சுவுக்கும் சீனிக்கும் என்ரோஃப்ளாக்சசின் எழுதிக் கொடுத்தார், எடைக்கு அளந்து, இரண்டு வாரத்துக்கு மேல். பெயரைப் பார்த்து நீயாக வாங்காதே. உன் மருத்துவர் தந்ததை, தந்த நாள் வரைக்கும் கொடு. தும்மல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தாதே.

மிளகைத் தும்மல் கொல்லவில்லை. அவ்வளவுதான். இதற்கு யாரும் ஆறுதல் எழுத வேண்டாம்.

ஜூலை 26

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு மிக்ஸோமடோசிஸ் தடுப்பூசி எங்கே போடுவார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் விசாரித்த இரண்டு மருந்தகத்திலும் இல்லை. ஆனால் அந்த நோயின் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. தென் அமெரிக்காவின் காட்டு முயல்களுக்கு அது ஒரு சின்னத் தோல் கட்டி. ஐரோப்பிய இன முயலுக்கு, அதாவது நாம் வீட்டில் வளர்க்கிற இனத்துக்கு, எமன். கண் இமை வீங்கிச் சீழ் கட்டும். கொசுவும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும். பயிரைத் தின்னும் முயலை ஒழிக்க ஆஸ்திரேலியாவில் 1950இல் வேண்டுமென்றே விட்டார்கள். 1952இல் பிரான்சில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் தன் தோட்டத்து முயல்கள் ஒழிந்தால் போதும் என்று இரண்டே இரண்டு முயலுக்கு அந்தக் கிருமியை ஏற்றி விட்டார். மதில் சுவர் இருக்கிறது என்று தைரியம். மறுவருடம் இங்கிலாந்து வரைக்கும் போய்விட்டது.

இரண்டு முயல்! நான் கூண்டில் விட்டது ஒன்று.

இன்னொன்று ரத்தக் கசிவு வைரஸ். 1984இல் சீனாவில் முதலில் தெரிந்தது, 2010இல் பிரான்சில் புது வகை கிளம்பியது. ராத்திரி நன்றாக இருந்த முயல் காலையில் செத்துக் கிடக்கும். ஒன்றன்பின் ஒன்றாக அப்படிச் சாக நேர்ந்தால் புதைக்காமல் பையில் கட்டி, பனிக்கட்டியில் வைத்துக் கால்நடைத் துறைக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி கைக்கெட்டும் தும்மலையும் சொறியையும் முதலில் பார்ப்போம்.

ஆகஸ்ட் 3

சொறி என்றதும் ஏழு பேர் படம் போட்டுவிட்டீர்கள். காலை இட்லி இறங்கவில்லை.

காதுக்குள் பழுப்பாக அடுக்கடுக்காகப் பொருக்கு. பார்த்தால் ஊட்டி வர்க்கி மாதிரியே இருக்கும், ஏடு ஏடாக. (இனி டீக்கடையில் வர்க்கியைப் பார்க்கும்போது என்னைத் திட்டுவீர்கள், தெரியும்.) தலையை உதறும், பின்னங்காலால் காதைப் பிறாண்டும். அது காது உண்ணி. அந்த ஏட்டைப் பிய்க்காதீர்கள். அடியில் தோல் பச்சைப் புண்ணாக இருக்கும், உயிர் போகிற வலி. மருத்துவர் எடைக்கு அளந்து ஐவர்மெக்டின் ஊசி போடுவார், பத்துப் பதினாலு நாள் விட்டு மறுபடியும். பொருக்கு தானாக உதிரும். முதல் ஊசியில் அரிப்பு நின்றதும் இரண்டாவதற்குப் போகாமல் விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கிய ஆள் இந்த வீட்டிலேயே இருக்கிறார். முட்டையை மருந்து தொடாது, அது பொரித்து வருவதற்காகத்தான் இரண்டாவது ஊசி.

மூக்கு நுனி, நகக்கண், காது விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தட்டினால் அது வேறு உண்ணி, சர்காப்டிஸ். அது நம் மேலும் ஏறும். என் மனைவிக்கு முயலைத் தூக்கும் முன்கையில் மட்டும் சிவந்து அரித்தது. முயல் குணமானதும் அதுவும் போனது. வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகள் உஷார்.

நாய்க்குத் தெளிக்கும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குப் போடாதீர்கள், நஞ்சு. வண்டிக் கழிவு எண்ணெய் பூசலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். நக்கித் தின்னும் பிராணி ஐயா அது.

ஒரு வார்த்தை கூண்டுக்கும். காது உண்ணி முயல் இல்லாமலே ஈரமான குளிரில் மூன்று வாரம்வரை உயிரோடிருக்கும். எங்கள் மலை அதற்கு மாமியார் வீடு. மரக்கூண்டின் இடுக்குகளில் வெந்நீர் ஊற்றுங்கள்.

ஆகஸ்ட் 9

புது முயலை 14 நாள் தனியாக வைக்கலாம் என்று யாருக்கோ பதிலில் எழுதியிருந்தேன். யோசித்தால் போதாது. 30 நாள் வையுங்கள். சீனி எங்கள் கண் முன்னால் முதல் தடவை தும்மியதே பதினெட்டாம் நாள். தனி என்றால் வேறு அறை. அதே வராந்தாவில் எதிர் மூலை என்பது கணக்கில் வராது.

கினிப்பன்றியை முயலோடு சேர்த்து வளர்ப்பவர்கள் பிரித்துவிடுங்கள். முயலுக்குப் பெரும்பாலும் தும்மலோடு போய்விடும் போர்டெடெல்லா அதற்கு நிமோனியாவாக இறங்கும்.

ஆகஸ்ட் 24

தம்பி, நாலும் தும்மலை நிறுத்தியதற்குச் சந்தோஷம். "குணமாகிவிட்டது, அத்தை வீட்டு முயலோடு ஜோடி சேர்க்கலாமா" என்று கேட்டிருக்கிறாய். கூடாது. குணமாகிவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. அடங்கியிருக்கிறது. மருந்து கிருமியை மட்டுப்படுத்தும், மூக்கின் மடிப்புகளிலிருந்து முழுக்கத் துடைத்தெடுப்பது அபூர்வம். பார்க்க நல்ல முயல், ஆனால் அத்தை வீட்டுக்கு அது சீனி.

உன் நாலும் ஏற்கெனவே ஒன்றாகப் பழகியவை, எல்லாமே கிருமியைப் பார்த்தவை. மருத்துவர் சரி என்றால் அவற்றைத் தங்களுக்குள் மறுபடி சேர்க்கலாம். புதிதாக எதுவும் உள்ளே வர வேண்டாம், குட்டியும் வேண்டாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பஞ்சுவும் சீனியும் ஒரே கூண்டில். போன மாதம் கூட வேலை செய்பவர் ஒரு சாம்பல் நிறக் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். மகள் அழுதாள். மிளகு நிறம்.

பெட்டியைத் தொடாமலே திருப்பி அனுப்பினேன். அவருக்கு இன்னும் வருத்தம்தான். நடுவில் மனசு கேட்காமல் தனி அறை, 30 நாள் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். 31ஆம் நாள் அந்தக் குட்டியை எங்கே விடுவது? வீட்டில் நோய் இருப்பது என் முயல்களிடம், குட்டியிடம் இல்லையே.

செப்டம்பர் 14, காலை 7.10

நாயுடுபுரத்துப் படம் பார்த்தேன். நாலு ஜோடி முன்னங்கால், எல்லாம் பஞ்சு போல. மூன்றாவதின் இடது காலில் ஒரு கொத்து மட்டும் லேசாக ஒட்டியிருப்பது போலத் தெரிகிறது, வெளிச்சமா என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் வைத்து இன்னொரு படம் எடுத்துப் போடு. உங்கள் பக்கம் பெரிய மழை இனிமேல்தான், ஐப்பசிக்கு முன்னால் தட்டுகளை மாற்றிவிடு.

இங்கே லவ்டேல் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது. பஞ்சு 2.3 கிலோ. கால் காய்ந்திருக்கிறது. சீனி இரண்டு தடவை தும்மியது, மகள் நோட்டில் நேரம் குறித்துக்கொண்டிருக்கிறாள்.